கற்ற தொழில் யாருக்குச் சொந்தம்?

ராயகிரி இளைஞர் ஒருவர் மீது சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கு இது. அங்கே ஆஸ்பத்திரி பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பினார். பிறகு ராஜினாமா செய்துவிட்டு, பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சை மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி விற்றார். சில மண்டிகள் வாங்கிய நிலையில் சம்மன் வந்தது. வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு அவர் மென்பொருள் தொழிலே செய்யக் கூடாது, எழுதிய கோடு முழுவதையும் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவை நிறுவனத்தின் கோரிக்கைகள்.

"எம்புள்ள களவாண்டுட்டாம்னுல்லா எழுதியிருக்காவ ஐயா" என்று, அவருக்காக வழக்கை நடத்திய என்னிடம் அவருடைய அம்மா கலங்கினார். மகனுக்கோ கோபம்: "ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறையில இருந்துக்கிட்டு உலகம் பூரா கம்பெனி நடத்துதாரு. நான் ராயகிரியில நடத்தக் கூடாதா சார்?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருந்தது. ஐஐடி மெட்ராஸிலும் பிரின்ஸ்டனிலும் படித்த வேம்பு, கலிஃபோர்னியாவில் குவால்காமில் வேலை பார்த்தவர். 1996இல் சகோதரர்களோடும் நண்பர்களோடும் அவர் தொடங்கிய அட்வென்ட்நெட்தான் 2009இல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் ஆனது. 2019இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். வேலையை விட்டவர் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம், அவர் வேலை பார்த்த கலிஃபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. நம் ஒப்பந்தச் சட்டமும் அதே 1872இல் வந்ததுதான். அதன் 27ஆம் பிரிவுக்கும் கலிஃபோர்னியச் சட்டத்துக்கும் மூலம் ஒன்றே: நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டின் வரைவு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலையை விட்டுப் புதுக் கம்பெனி தொடங்குவோருக்கு இருக்கும் பாதுகாப்பு, ராயகிரிக்காரருக்கும் உண்டு.

வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகரி வழக்கில் ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என்பதை 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் உறுதி செய்தது. முதல் கோரிக்கைக்கு இவை போதும்.

இரண்டாவது எளிதல்ல. பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17ஆம் பிரிவின்படி முதலாளிக்கே சொந்தம். ஆகவே எப்போது, எதற்காக எழுதினார் என்று காட்டியாக வேண்டும். எந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று காட்டும் கிட் பதிவுகளை அச்செடுத்து, மின்னணு ஆவணங்களுக்கு அப்போதைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம். முதல் வரியே பணிவிடுவிப்புக் கடிதத்துக்குப் பிந்தியது. கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த ரசீதும் கையில் இருந்தது.

விசாரணையில் நீதிபதி நிரலையே பார்க்க விரும்பினார். எடை, ஏல விலை, கமிஷன், இறக்குக்கூலி, விவசாயி வாங்கிய முன்பணம், சாக்குக் கழிவு என்று மண்டிச் சிட்டையில் உள்ள வரிசையிலேயே நிரலும் எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பில்லிங் கோடில் வார்டு வாடகையும் மருந்துக் கணக்கும் இருந்தன. நகலெடுத்ததாகக் காட்ட அவர்களிடம் ஒரு பக்கம்கூட இல்லை. இடைக்காலத் தடை மனு தள்ளுபடியானது. சில மாதங்களில் வழக்கையே வாபஸ் வாங்கினார்கள்.

ஊரில் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனியின் கோடு கம்பெனிக்குச் சொந்தம். அதில் ஒரு வரியையும் தொடாதீர்கள். அங்கே கற்ற திறமை உங்களுடையது. அதைப் பறிக்க எந்தப் பத்திரத்துக்கும் அதிகாரம் இல்லை. விடுவிப்புக் கடிதத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சொந்த வேலையைச் சொந்தக் கணினியில், பணிவிடுவிப்புக்குப் பிறகு தொடங்குங்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து கடையை மூடாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.