எங்கள் வீட்டுக் கடலும் எள்ளளவு எதிரியும்

சகோதரிகள் இருவர், பதினொன்றாம் வகுப்பு மற்றும் ஒன்பதாம் வகுப்பு

தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல். "அப்படியிருக்க வீட்டுக்குள்ளே வேறு ஒரு கடல் எதற்கு?" என்று பாட்டி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி முன்கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டது.

இது 2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நடந்தது. விசைப்படகில் வேலை செய்யும் எங்கள் மாமா, துறைமுகத்துக்கு அப்பால் முகந்த கடல்நீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து கொடுத்தார். மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லைத் தொடுவது சட்டப்படி குற்றம். ஆகவே சிப்பி ஓடுகளையும் உடைந்த கூரை ஓட்டுத் துண்டுகளையும் அடுக்கிக் குகை கட்டினோம். உப்பளத்தில் கணக்கு எழுதும் அப்பா, பாத்தி நீரின் அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடி மானி ஒன்றைக் கொண்டுவந்தார். உப்பு விளையும் பாத்தியில் அது 25 டிகிரி காட்டும், கடல்நீரில் மூன்றரைதான். "மூன்றரைக்குக் கீழே போனால் மீனுக்கு ஆகாது, இருபத்தைந்துக்குப் போனால் எனக்கு வீட்டிலேயே வேலை கிடைத்துவிடும்" என்பார் அப்பா.

முதலில் குடிவந்தவை இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட, பொரிப்பகத்தில் பிறந்து வளர்ந்த குஞ்சுகள். ஓராண்டில் ஒன்று பெரிதாயிற்று, மற்றது சிறிதாகவே நின்றது. பெரியதுதான் பெண் என்று பிறகு படித்தறிந்தோம். இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. துணைக்கு இரண்டு வரி இறால்கள். எல்லாரும் நலமாக இருந்தார்கள்.

2024 ஜூலைக் கடைசியில் மாமா ஒரு வாளியுடன் வந்தார். மீன் கூட்டில் அகப்பட்டதாம். எட்டிப் பார்த்தோம். கருநீல உடலில் வெண்மையும் நீலமுமாய் வில் வில்லாக வளைந்த கோடுகள்! ஆங்கிலத்தில் ஏஞ்சல் மீன் என்றதும் பாட்டி, "சம்மனசு மீனா? பொருத்தமான பெயர்தான்" என்று மகிழ்ந்துபோனார்கள். மாமா மட்டும், "கொஞ்ச நாள் தனியா வச்சிப் பாத்துட்டு அப்புறம் விடுங்கம்மா" என்றார். சரி என்று தலையாட்டினோம். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் சம்மனசு மீன் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தது. அதை விட்டது எங்களில் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மற்றவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு சம்மனசு மீன் ஓட்டுத் துண்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திடீரெனத் திரும்பி ஓடும். விளையாடுகிறது என்று எண்ணினோம். இரண்டு நாளில் கோமாளிகளும் அதே விளையாட்டை ஆடத் தொடங்கின. மூச்சு வாங்கியது. சம்மனசு மீனின் இடக்கண்ணில் பால் படர்ந்ததுபோல் ஒரு மங்கல். உடம்பை உற்றுப் பார்த்தோம். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தோம். புள்ளி இல்லை, புண் இல்லை, ஒன்றுமே இல்லை.

ஒன்றும் தெரியாதபோது மனிதர் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்கமாட்டோமே! கடல் மீனுக்கு வழக்கமாக வருவது வெண்புள்ளி நோய். அதற்கு மருந்து செம்பு என்று படித்திருந்தோம். புள்ளியே இல்லாத மீனுக்கு வெண்புள்ளி என்று தீர்ப்பு எழுதி, மயில்துத்தத்தைக் கரைத்துத் தொட்டியிலேயே ஊற்றினோம். மறுநாள் காலை இரண்டு இறால்களும் செத்துக் கிடந்தன. செம்பு இறால் இனத்துக்கு நஞ்சு என்பதும், அது சிப்பி ஓட்டிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது என்பதும், நாம் தேடும் எதிரியை அது நம்பும்படி கொல்லாது என்பதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நான்காம் நாள் பெரிய கோமாளி மீன் தொட்டியின் மூலையில் பக்கவாட்டில் கிடந்தது. சிறியது அதன் மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அன்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "நீதான் விட்டாய்", "நீதான் ஊற்றினாய்" என்ற இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

செத்த மீனைக் கொல்லையில் மல்லிகைச் செடிக்கு அடியில் புதைப்பது என்று பாட்டி முடிவு செய்தார்கள். "உப்போடு புதைத்தால் செடி கருகிப்போகும், கொண்டா" என்று வாங்கி, ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் அலசினார்கள். அலசியவர்கள், "இது என்னடி, மீன்மேல் எள்ளு ஒட்டியிருக்கு?" என்றார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு நிமிடத்துக்கு முன் வெறுமையாக இருந்த உடம்பில், தோல் நீக்கிய வெள்ளை எள்போல ஏழெட்டுத் துணுக்குகள்! ஒன்று கழன்று கிண்ணத்தின் அடியில் விழுந்தது. விழுந்த துணுக்கு மெல்லச் சுருண்டது. அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம்: "புழு!" கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எங்களுக்குக் கண்ணாடியும் உதவவில்லை. ஒரு கிண்ணம் குடிதண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் அவற்றை ஒரு சிறு புட்டியில் போட்டு, பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் கொண்டுபோனோம். மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியை எடுத்துவைத்தார்கள். வாழ்நாளில் மறக்கமுடியாத காட்சி அது. தட்டையான நீள்வட்ட உடல். பின்பக்கத்தில் வட்டமான பெரிய ஒட்டுத்தட்டு, அதில் கொக்கிகள். முன்பக்கம் இரண்டு சிறு ஒட்டுத்தட்டுகள். நடுவே நான்கு கரும்புள்ளிகள், அவையே கண்களாம்! ஒட்டிக்கொண்டு மீனின் தோலையும் வழுவழுப்பையும் தின்று வாழ்வதுதான் அதன் தொழில்.

"உயிரோடு இருக்கும்போது இது கண்ணாடிபோல் இருக்கும். மீனின் நிறமே அதன் ஊடாகத் தெரியும். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை" என்றார்கள் சிஸ்டர். நல்ல தண்ணீரில் ஏன் வெளுத்தது? போன ஆண்டு உலர்திராட்சையை நீரில் போட்டு ஊறவைத்து, சவ்வூடு பரவல் என்று நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதே சங்கதிதான். உப்பு நீருக்குப் பழகிய மெல்லிய உடலுக்குள் நல்ல நீர் பாய, புழு உப்பி வெளுத்துப் பிடியை விடுகிறது. செதிலும் வழுவழுப்பும் சிறுநீரகமும் உள்ள மீன் சில நிமிடம் அதைத் தாங்கும். புழுவால் முடியாது.

இதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கேட்டோம். நியோபெனெடெனியா என்னும் வகையைப்போல் இருக்கிறது என்றும், பள்ளி நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் உறுதி சொல்லக்கூடாது என்றும் சொன்னார்கள். அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று நியூயார்க் நகரத்து மீன் காட்சிசாலையின் தொட்டிகளில் பெருந்தொல்லை கொடுத்ததாம். 1927-இல் மக்கல்லம் என்பவர் அதை விவரித்து எழுதியபோது, அங்கே மீன்களைப் பேணிவந்த ஐடா மெல்லென் என்னும் பெண்மணியின் நினைவாக 'மெல்லெனி' என்று பெயரிட்டார். எங்களைப்போலவே தொட்டியின் முன் நின்று தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு பெண் அன்றே இருந்தார் என்பதில் எங்களுக்கு ஒரு சிறு ஆறுதல். ஆனால் ஒரு புழுவுக்குத் தம் பெயர் வைக்கப்பட்டதில் அந்த அம்மையார் மகிழ்ந்தாரோ என்னவோ!

சனிக்கிழமை சிகிச்சை. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து, குளோரின் போகும்படி காற்றுக்குழாயை ஓடவிட்டோம். தொட்டியின் சூடும் வாளியின் சூடும் ஒன்றாக, 28 டிகிரியில் இருக்கும்படி பார்த்தோம். நல்ல தண்ணீரின் காரத்தன்மை கடல்நீரைவிடக் குறைவு, அதை 8.2-க்கு உயர்த்த ஆப்பசோடா சிட்டிகை சிட்டிகையாகப் போட்டோம். அம்மா ஆப்பத்துக்கு வைத்திருந்ததுதான்.

முதலில் சம்மனசு மீன். வாளியில் விட்டதும் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. எங்களில் ஒருத்தி வலையை நீட்டினாள். மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தேர்வு மண்டபத்தில்கூட நாங்கள் உணர்ந்ததில்லை. ஒன்றரை நிமிடத்தில் மீன் நிமிர்ந்தது. இரண்டாவது நிமிடத்தில் அதன் முதுகில், கன்னத்தில், அந்த மங்கிய கண்ணின் மேலேயே, வெண்மை பூத்தது. பிறகு உதிரத் தொடங்கியது. மீனை மாற்றியபின் வாளியைக் கறுப்புத் தட்டில் வடித்து எண்ணினோம். இருபத்து மூன்று! சிறிய கோமாளியிடமிருந்து நான்கு.

வென்றுவிட்டோம் என்று அன்று இரவு பாயசம்கூடக் கேட்டோம். ஒன்பதாம் நாள் சம்மனசு மீன் மறுபடி ஓட்டில் தேய்த்தது.

முட்டையை மறந்துவிட்டோம்! இந்தப் புழு ஆணும் பெண்ணும் ஒரே உடலில் அமைந்தது. துணையின்றி ஒன்றே ஒன்று இருந்தாலும் முட்டையிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை கூம்பு கூம்பாக, நீண்ட நூல் வாலுடன் இருக்கிறது. அந்த நூல் வலையிலும் காற்றுக்குழாயிலும் மணலிலும் சிக்கிக்கொள்ளும். நமது ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு நீந்திப் போய் மீனைப் பிடிக்கும். இரண்டு வாரத்துக்குள் தானும் முட்டையிடும். இடையில் நத்தை, நண்டு என்று வேறு வீடு தேடத் தேவையில்லை. நாங்களோ குளிப்பாட்டிய மீனைத் திரும்ப அதே தொட்டியில், அதே வலையால் தூக்கி விட்டிருந்தோம்! துணியைத் துவைத்துச் சேற்றில் உலர்த்திய கதை.

அப்பாவுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போனோம். பசுவுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்ப்பவர் மீனுக்கு என்றதும் சிரிப்பார் என்று பயந்தோம். அவர் சிரிக்கவில்லை. நாய்களின் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெல் இதற்கும் உதவும் என்றார். லிட்டருக்கு 2 மில்லிகிராம். எங்கள் பிளாஸ்டிக் தொட்டியில் 60 லிட்டர். ஆகவே 120 மில்லிகிராம். மாத்திரையில் இருப்பதோ 600. ஐந்தில் ஒரு பங்கு! கணக்குப் பாடத்தில் பின்னம் எதற்கு என்று கேட்கும் தோழியர் கவனிக்க. அவரே எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எங்களைப் பார்த்து யாரும் தாமாக அளந்து ஊற்ற வேண்டாம். மயில்துத்தக் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா?

அந்த மருந்தும் முட்டையின் ஓட்டைத் துளைக்காது. ஆகவே பொரிப்பவை பொரிக்கட்டும் என்று காத்திருந்து, வாரம் ஒரு முறையாக மூன்று முறை கொடுக்க வேண்டும். கரி வடிகட்டி இருந்தால் எடுத்துவிட வேண்டும். மருந்தைக் கரி குடித்துவிடும். மீன் இரண்டும் பின்தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்க, முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டி ஐந்து வாரம் மீனில்லாமல் கிடந்தது. பொரித்த குஞ்சு மீன் கிடைக்காவிட்டால் இரண்டொரு நாள்கூடத் தாங்காது. வலை, குழாய் எல்லாம் மொட்டைமாடியில் தூத்துக்குடி வெயிலில் காய்ந்தன. செம்பு ஏறிய மணலையும் ஓடுகளையும் அள்ளி எறிந்தோம்.

இதற்கிடையில், மணலில் நெளிந்த செந்நிறப் பூரான் போன்ற ஒன்றைக் கண்டு அம்மா, "இதுவும் புழுதானே, இதையும் கொல்லுங்கள்" என்றார்கள். அது மீனைத் தொடாது. மிஞ்சிய தீனியைத் தின்று மணலைத் துப்புரவு செய்யும் முட்புழு. அதற்காக நாங்கள் வாதாடிப் புதிய மணலில் குடியேற்றினோம். தொட்டால் முள் ஏறும் என்பது வேறு விஷயம், ஏறியது.

அக்டோபர் முதல் வாரம் இரண்டு மீன்களும் வீடு திரும்பின. சம்மனசு மீனின் இடக்கண்ணில் ஓர் ஓரத்தில் மங்கல் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் தீனி போட்டால் சற்றுத் தாமதமாகத் திரும்பும். சிறிய கோமாளி இப்போது சிறியது இல்லை. பெண் இறந்துபோனால் துணையாக இருந்த ஆண் வளர்ந்து பெண்ணாக மாறுவது இந்த இனத்தின் இயல்பாம். அது தனியாகவே சிப்பிக் குகையின் வாசலில் காவல் நிற்கிறது.

அதற்குத் துணையாக ஒரு புதுக் குஞ்சு வந்திருக்கிறது. நான்கு வாரம் பின்தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதன் தொட்டிமேல் தேதி எழுதி ஒட்டியிருக்கிறோம். வந்த அன்றே நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தோம். கறுப்புத் தட்டில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் தேதியைக் கிழிக்கவில்லை. "பாவம், ஒண்டியாகக் கிடக்கிறதே, இன்னும் எத்தனை நாள்?" என்று பாட்டி தினமும் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரையைச் சிஸ்டரிடம் கொடுக்கும் இன்று, இன்னும் பதினொரு நாள்.