பால் ஆகாத குழந்தையின் தட்டு

பசும்பால் ஒவ்வாமை என்று குழந்தை மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான், உணவு ஆலோசகரான என்னிடம் வருவார்கள். "பால் குடிக்காம எலும்பு எப்படிங்க பலமாகும்?" என்று அம்மா கேட்பார். "கேழ்வரகுக் கூழைக் கரைச்சுக் குடுத்தாப் போதும்மா, நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்று கூட வந்த பாட்டி சொல்வார். அம்மாவின் பயத்திலும் நியாயம் உண்டு, பாட்டியின் பேச்சிலும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.

ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. பத்து வயதில் அது 850 ஆகிறது. இரண்டு டம்ளர் பால் குடிக்கும் சிறு குழந்தைக்கு அதிலேயே ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடும். பால் இல்லையென்றால் அதை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்க்க வேண்டும்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியும் கோதுமையும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேளை குடிக்கும் கூழில் மாவு 30 கிராம் இருந்தாலே அதிகம். கால்சியம் 100 மில்லிகிராம் தேறும். அதிலும் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் தானியத்தின் பைட்டேட் பிடித்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் பைட்டேட் குறைகிறது. முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைக்கும் பாட்டியின் கூழை நான் அதனால்தான் விரும்பிச் சொல்கிறேன். கடையில் விற்கும் ராகி மால்ட் வேறு; பலவற்றில் பால்பொடி கலந்திருக்கும்.

கறுப்போ வெள்ளையோ, எள்ளைத் தோலோடு வாங்குங்கள். தோல் போனால் கால்சியத்தில் பெரும்பங்கு போய்விடும். நல்லெண்ணெயில் அது கிடையாது. வறுத்துப் பொடித்த எள் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 100 மில்லிகிராம் தரும். இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம், சோற்றிலும் பிசையலாம். எள்ளே ஒவ்வாத குழந்தைகளும் உண்டு என்பதால் முதலில் துளியளவு கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். அசைவ வீடு என்றால் என் கவலை பாதியாகிவிடும்: சின்ன நெத்திலியை முள்ளோடு மென்மையாகச் சமைத்து மசித்துக் கொடுக்கலாம். பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. முருங்கைக்கீரை மேல்.

"ஆட்டுப்பால் குடுக்கலாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கூடாது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தவை. பசும்பால் ஒவ்வாத பெரும்பாலான குழந்தைகளுக்கு அவையும் ஒவ்வா. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, இது வேறு. இங்கே எதிரி புரதம். அதனால் தயிர், மோர், நெய் மூன்றும் விலக்கு. கோயில் பஞ்சாமிர்தத்தில்கூட நெய் இருக்கும். பிஸ்கட், பிரெட் பாக்கெட்டில் 'கேசின்', 'வே' என்று இருந்தால் அதுவும் பால்தான். கால்சியம் சேர்த்த சோயா பானம் ஒரு வயதுக்குமேல் உதவும், சோயா ஒத்துக்கொண்டால். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பாலில் கால்சியம் மிகக் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தைக்கு 500 எட்டாது. அப்போது மருத்துவர் எழுதித் தரும் கால்சியம் சிரப்பைத் தயங்காமல் கொடுங்கள். மருந்தைக் கொடுப்பது சமையலில் தோற்றுப்போனதாகப் பல அம்மாக்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எலும்பு வளரும் வருடங்கள் நமக்காகக் காத்திருக்காது. இரும்புச்சத்து சிரப்பும் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள், ஒன்று மற்றதைத் தடுக்கும். வைட்டமின் டி குறைந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தும் பயன் குறைவு. அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தாய்ப்பால் வழியாகவே சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை வரும். அப்போது பாலை விலக்குவது தாய். அவருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். அவர் தட்டை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, தயவுசெய்து பாருங்கள். பரிசோதனை இல்லாமல், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று குழந்தையின் பாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல குழந்தைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை நீங்கிவிடும். ஆனால் மறுபடி பால் கொடுத்துப் பார்ப்பதும் மருத்துவர் சொல்லும்போது, அவர் சொல்லும் முறையில் மட்டும்தான்.