கவிழ்த்துப் பார்த்து வாங்கியது

விழுப்புரத்தில் என் தங்கை வீட்டு முன்னறையில் ஒரு சிங்கர் தையல் மிஷின் இருக்கிறது. காலால் மிதிக்கிற பழைய மிஷின். அவள் வாங்கும்போதே அது பழசுதான். அதே கடையில் புது மிஷின் தவணைக்குக் கிடைத்தது. அவள் இதைத்தான் எடுத்தாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். மேலே இருந்த பூ வேலைப்பாட்டையோ மினுமினுப்பையோ அவள் பார்க்கவில்லை. தலைப்பாகத்தைக் கீலோடு பின்னுக்குச் சாய்த்து அடியைப் பார்த்தாள். பாபின் கேஸைக் கழற்றி விரலால் தடவினாள். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். “இதுக்குச் சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும்ணே. தேஞ்சா மாத்திக்கலாம்” என்றாள். பதினைந்து வருஷமாக அந்த மிஷின்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

அன்று அவள் செய்ததை நான் மனசில் வாங்கியிருந்தால், 2021-ல் என் மகனுக்கு அந்த லேப்டாப்பை வாங்கியிருக்க மாட்டேன்.

கொரோனா காலம், ஆன்லைன் வகுப்பு. பண்டிகைத் தள்ளுபடியில் 24,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் என்றதும் வாங்கிவிட்டேன். மெல்லிசாக, அழகாக இருந்தது. உள்ளே இரண்டே கோர் உள்ள செலரான், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி. இஎம்எம்சி என்பது போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சில்லு; எஸ்எஸ்டியைவிட வேகம் குறைவு. விண்டோஸும் ஆபீஸும் ஏறிய பிறகு அதில் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். ஆறு மாதத்தில் அப்டேட் இறங்கவே இடமில்லை என்று சொல்ல ஆரம்பித்தது. பையன் பவர் பட்டனை அழுத்திவிட்டு, சாப்பிட்டு முடித்து வருவான். வகுப்பை ஒரு பக்கம் திறந்துவைத்து, பாடத்தை இன்னொரு பக்கம் திறந்தால் ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வரும். ராமைக் கூட்டலாம் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, “ராமும் போர்டோட ஒட்டினது சார், ஒண்ணும் பண்ண முடியாது” என்று மூடிக் கொடுத்தார். கடைசியில் அவன் அம்மாவின் போனிலேயே படித்தான். அந்த நாட்களில் ஒருமுறை, படிப்பில் அக்கறை இல்லை என்று அவனைத் திட்டினேன். அவன் பதில் பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். ஜூன் பிறந்தால் பெற்றோர் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “சார், பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?” ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அந்தக் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஏறிய கோலம் கண்ணிலேயே நிற்கிறது. 2024-ல் தங்கை மகள் பிளஸ் டூ முடித்து பி.காம். சி.ஏ. சேர்ந்தபோது அந்த வழங்கல் நின்று சில வருஷம் ஆகியிருந்தது. தங்கை 20,000 ரூபாயை ஒரு பழைய பர்ஸில் போட்டு என் கையில் கொடுத்தாள். ரவிக்கைக்கு ரவிக்கை எடுத்துவைத்த பணம். இந்த முறை தப்பு நடக்கக் கூடாது.

முதலில் தங்கை மகளுக்கு என்ன வேலை இருக்கும் என்று உட்கார்ந்து பேசினோம். எக்செல், டேலி, ப்ராஜெக்ட் அறிக்கை, பாடக் காணொளி. டேலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே டேப்லெட், குரோம்புக் எல்லாம் கணக்கிலிருந்து போயின. லைசென்ஸ் வாங்காமல் டேலியை எஜுகேஷனல் முறையில் இறக்கிக்கொள்ளலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும். இந்த வேலைகளுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கும் தேவையில்லை. இன்ஜினீயரிங் சேர்ந்த உடனே பிள்ளைக்கு 70,000 ரூபாய் கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டு வட்டி கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனம், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் வருஷம் அவர்கள் எழுதுகிற சி நிரலுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம்.

தங்கை மகளோடு காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். ஐ.டி. கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேப்டாப்புகளைத் துடைத்துச் சரிபார்த்து விற்கிற கடைகள் அங்கே உண்டு. ஊழியர்கள் தினம் எட்டு மணி நேரம் அடித்துத் தள்ளுவதற்காகச் செய்த மெஷின்கள் இவை. கீல் உறுதி, கீபோர்டு உறுதி. அடியைத் திறந்தால் பாகங்களை மாற்றலாம். தங்கையின் சிங்கர் ஜாதி.

கடைக்காரர் இரண்டு திங்க்பேடுகளை எடுத்து அக்கம்பக்கமாக வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே சிவப்புப் பொட்டு. ஒன்று டி470, மற்றது டி480. டி470-ன் விலை 3,000 ரூபாய் குறைவு. “மாமா, ரெண்டும் ஐ5தானே?” என்றாள் அவள். ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் விவரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் ஐ5-7300யூ, இன்னொன்றில் ஐ5-8350யூ. இந்த நான்கு இலக்க எண்களில் கோட்டுக்கு அடுத்த முதல் எண்தான் தலைமுறை. ஏழாம் தலைமுறையில் இரண்டு கோர், எட்டில் நான்கு. அதைவிடப் பெரிய வித்தியாசம், எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் முறையாக ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிடும் என்பது அப்போதே தெரிந்த சேதி. மூன்று வருஷப் படிப்புக்கு வாங்குகிற லேப்டாப், இரண்டாம் வருஷத்து நடுவிலேயே பாதுகாப்பு அப்டேட்டை இழந்துவிடும். அந்த 3,000 ரூபாயை மிச்சம் பிடிப்பது சரியில்லை என்று அவளே சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தோம். நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். முழுத் திரையையும் வெள்ளையாக்கிப் புள்ளி, கறை உண்டா என்று பார்த்தோம். கேமரா, வைஃபை, யுஎஸ்பி துளைகள். பழைய கம்பெனி பயாஸில் பாஸ்வேர்டு போட்டு விட்டிருந்தால் பிறகு தலைவலி. அதையும் திறந்து பார்த்துக்கொண்டோம். விண்டோஸிலேயே ஒரு வரிக் கட்டளை அடித்தால் பேட்டரி அறிக்கை வரும். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டையும் காட்டிவிடும். டி480-க்கு உள்ளே ஒன்று, கழற்றி மாட்டுகிற மாதிரி வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி. உள்ளே இருந்தது நல்ல நிலைமை. வெளியே இருந்தது பாதிக்குக் கீழே. சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார்.

கடைசியாக, அடியைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைப்பையன் மூடியை நெம்பி எடுத்தான். 8 ஜிபி ராம் ஒரு துண்டு, பக்கத்தில் காலியாக இன்னொரு இடம். 256 ஜிபி எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வருவது. பையன் ராமைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, “நீயே மாட்டும்மா” என்றான். அவள் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தினாள். இரண்டு பக்கமும் கொக்கி ‘டக்’கென்று விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்ட அன்றைக்கு அவள் அம்மாவின் முகம் அப்படித்தான் இருந்தது.

18,500 ரூபாய். ஜிஎஸ்டி பில்லோடு, ஆறு மாத வாரண்டியைக் கையெழுத்தில் எழுதி வாங்கினோம்.

குறை இல்லாமல் இல்லை. திரை கொஞ்சம் மங்கல். வெயிலில் உட்கார்ந்தால் எழுத்து தெரியாது. மூடியின் ஓரத்தில் ஒரு கீறல். கையில் 40,000 ரூபாய் இருந்தால் புதிதாகவே வாங்கலாம். அப்போதும் 8 ஜிபி ராம், கூட்டுவதற்கு இடம், எஸ்எஸ்டி, ஐபிஎஸ் திரை என்று கேட்டு வாங்குங்கள் என்பேன். 25,000-க்குள் என்றால் புதிது என்ற சொல்லுக்காக வாங்காதீர்கள் என்று இப்போது பெற்றோரிடம் அழுத்தமாகவே சொல்கிறேன். பிள்ளை பாடத்துக்காகக் காத்திருக்கலாம். லேப்டாப்புக்காகக் காத்திருந்தால் படிக்கிற ஆசையே வடிந்துபோகும். என் வீட்டில் அதைப் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் வருஷத்தில், பழைய 8 ஜிபி ராம் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கிக் காலி இடத்தில் அவளே மாட்டிக்கொண்டாள். போன மாதம் நான் போயிருந்தபோது விசிறி இரைச்சல் போடுவதாகச் சொன்னாள். பாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அடி மூடியைத் திறந்தாள். விசிறிக்குப் பக்கத்தில் கனமான பஞ்சு அடைப்பு. தையல்காரி வீடல்லவா, துணிப்பிசிறு காற்றிலேயே மிதக்கும். அந்தப் பஞ்சு நீலமாக இருந்தது. ஜூனில் தைத்த பள்ளிச் சீருடைத் துணியின் நீலம். தங்கை எழுந்து போய், பாபின் கேஸ் துடைக்கிற சின்ன பிரஷை எடுத்து வந்தாள். மகள் டார்ச் அடிக்க, அம்மா பிசிறைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தாள். எடுத்துக்கொண்டே, “இது என்னடி, இது எதுக்கு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மகள் பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

மூடியைத் திரும்ப மாட்டும்போது தங்கை அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அதன் திருகுகள் தளர்த்தினாலும் கழன்று விழாது, மூடியோடேயே நிற்கும். விரலால் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “திருகு கீழ விழுந்து தொலையாத மாதிரி வச்சிருக்கான் பாருண்ணே. வேல தெரிஞ்சவன்.”