மருந்தடிக்கிறவரின் சட்டை

குன்னம் பக்கம்,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள தோழிக்கு,

அங்கே நல்ல மழை என்று அம்மா போனில் சொன்னாள். இங்கேயும் பெய்திருக்கிறது. ஆனால் இந்தக் கரிசலில் மழைக்குப் பிறகு நடப்பது தனி வித்தை. காலை எடுத்தால் செருப்பு மண்ணிலேயே நின்றுவிடுகிறது. குளிக்க ஒரு வாளித் தண்ணீர். நம் ஊர்க் குளத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடனே பஸ் ஏறிவிடலாம் போல இருக்கிறது.

முதலில் அரியலூரில்தான் இறங்கினேன். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்க்க எத்தனை வருட ஆசை என்று உனக்குத் தெரியும். சுருண்டு கல்லாகிப்போன அந்தக் கடலுயிர்களைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்திருக்கிறது. அது விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்றைக்கு வெட்டி எடுத்துச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். அதனால் லாரி, லாரி, எங்கு பார்த்தாலும் லாரி. ரோட்டோரப் புளியமரங்களுக்குத் தூசியில் இலையின் நிறமே போய்விட்டது. டீக்கடையில் தம்ளர்களைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டு வைத்திருந்தார்கள். வந்ததுமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்குச் சேரும்போதும், பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே தூசியை நாள் முழுக்கக் குடிக்கிற டீக்கடைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதை நினைத்துக்கொண்டேதான் பெரம்பலூர் பஸ் ஏறினேன். சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி நேரில் வந்து சொல்கிறேன். இப்போது எழுத வேண்டியது வேறு.

நம் ஹாஸ்டல் பெரம்பலூர்க்காரி வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். ஆள் அப்படியே இருக்கிறாள், முடி மட்டும் நரைத்திருக்கிறது. காலையில் கம்பங்கூழும், அப்போதே உரித்த சின்ன வெங்காயமும். இந்த ஊர் வெங்காயத்தின் காரத்துக்கும் இனிப்புக்கும் ஈடே கிடையாது. ஒரு கிலோ வாங்கி வருகிறேன்; எடுத்து வைக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டேன்.

கூழ் குடித்த கையோடு அவளுடைய பருத்திக் காட்டுக்குப் போனோம். செடி நெஞ்சு உயரம் நிற்கிறது. அன்றைக்கு மருந்தடிக்கிற நாள். அதற்கென்று ஊரில் சிலர் இருக்கிறார்கள். சொந்த நிலம் கிடையாது. சொந்தமாக ஒரு பவர் ஸ்பிரேயர் மட்டும் இருக்கும். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வரப்பில் ஒரு நீல டிரம். பாட்டிலைத் திறந்து மூடியாலேயே அளந்து ஊற்றி, கீழே கிடந்த குச்சியால் கலக்கினார். பாட்டிலில் ஒரு முக்கோணம் போட்டிருக்கிறது, பார்த்திருப்பாய். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. இவர் கையில் இருந்தது மஞ்சள். கேட்டேன். "அது கம்பெனிக்காரன் அடையாளம்க்கா" என்றார்.

முகத்தில் ஒரு துண்டு. கையுறை இல்லை, காலில் ஒன்றுமில்லை. பனியன் மேல் ஒரு முழுக்கைச் சட்டை. எஞ்சினை முடுக்கிவிட்டு உள்ளே இறங்கினார். காற்று திரும்பும்போதெல்லாம் அடித்த மருந்து அவர் மேலேயே வந்து விழுந்தது. வரப்பில் நின்ற எனக்கே கண் எரிந்தது. டேங்க் தீர்ந்து திரும்பி வந்து முதுகிலிருந்து இறக்கினார். அப்போது அந்தச் சட்டையைப் பார்த்தேன். முதுகில், டேங்க் அழுந்துகிற இடத்தில், ஒரு முழம் அகலத்துக்கு நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன். டேங்க் மூடியில் வாஷர் தேய்ந்து கசிகிறது என்று அவரே சொன்னார். அந்த இடத்தில் மட்டும் துணியின் கட்டம் அழிந்து வெளிறியிருந்தது. அன்றைக்கு மட்டும் நனைந்த சட்டை இல்லை அது.

அந்தச் சட்டையோடே அடுத்த டேங்க். அதற்கும் அடுத்தது. பதினொரு மணிக்கு அதே டிரம் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

"கையுறை போடக்கூடாதா தம்பி?"

"இந்த வெயில்ல அதப் போட்டா கை வெந்துபோயிரும்க்கா. ராத்திரி தல வலிக்கும், கண்ணு எரியும். மோர் குடிச்சுட்டுப் படுத்தாச் சரியாயிரும். போன வாரம் வாந்திதான் ஜாஸ்தி, பித்தமா இருக்கும்."

நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்று இரவு நான் உட்கார்ந்து படித்ததை எழுதியாக வேண்டும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் உடம்பில் கோலினெஸ்டிரேஸ் என்கிற நொதியை முடக்குகின்றன. நரம்பு கொடுக்கும் உத்தரவை நிறுத்துகிற வேலை அந்த நொதியுடையது. அது முடங்கினால் வியர்வை, எச்சில், கண்ணீர், வாந்தி. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். முற்றினால் மூச்சுத் தசை நின்றுபோகும். வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, நனைந்த முதுகே போதும். ஒரு நாள் பட்டது மறுநாள் சரியாகிவிடுவதும் இல்லை. நொதி பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அவர் அடுத்த காட்டில் டேங்க் தூக்கியிருப்பார்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாடே பேசியது. அதே ஆண்டு இந்தப் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். நம் ஊரில் யாருக்காவது அது நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. பெரம்பலூர்க்காரிக்கு இருக்கிறது. "எல்லாரும் விஷம் குடிச்சாங்கன்னுதான் முதல்ல பேசினாங்க" என்றாள். மறுவருடமே மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் மக்காச்சோளம்தான் சோறு. அதற்கும் மருந்து, அதையும் அடித்தவர்கள் இதே கூலிக்காரர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் மருந்து தெளிக்கிற வேலை செய்பவர்களையும் சேர்த்தே மருத்துவப் பரிசோதனை என்கின்றன. ஆலைக்காரர்களைக் கேட்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் இருக்கிறார், சுரங்கத்துக்கு ஒரு தனி இயக்ககமே இருக்கிறது. டேங்குக் கூலிக்காரருக்கு முதலாளி யார்? இன்றைக்கு நம் பெரம்பலூர்க்காரி, நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர். அவரைப் பரிசோதனைக்கு யார் அழைத்துப் போவது? தடை செய்யலாம் என்றாலோ, 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாநில அரசு ஒரு மருந்தின் விற்பனையை 60 நாள்தான் நிறுத்தி வைக்க முடியும், மேற்கொண்டு 30 நாள் நீட்டிக்கலாம். தமிழ்நாடு 2023 தொடக்கத்தில் ஆறு மருந்துகளை அப்படி 60 நாள் நிறுத்தியது. பருத்தி நிலத்தில் நிற்பதோ ஐந்தாறு மாதம். மோனோகுரோட்டோபாஸை மத்திய அரசு தடை செய்யவே 2023 வரை ஆனது.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மருந்தடித்தவரின் வீடு பெரம்பலூர்க்காரியின் தெருவிலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், அதே ஊர்ப் பெண், அவருடைய அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வந்திருந்தாள். அளந்தாள், எழுதிக்கொண்டாள், மாத்திரை கொடுத்தாள், உப்பைக் குறைக்கச் சொன்னாள். 2021இல் தொடங்கிய திட்டம். இவ்வளவு அழகாக வாசல்வரை வந்து நிற்கிறதே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த வேளையில்தான் மகன் காட்டிலிருந்து வந்தார். வாசலில் நின்று அந்தச் சட்டையைக் கழற்றி, பிள்ளைகளின் யூனிபார்ம் ஊறிக்கொண்டிருந்த அன்னக்கூடையிலேயே போட்டார். தன்னார்வலர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் நோட்டில் அவருக்கு இடம் இல்லை. முப்பது தாண்டியவர் என்பதால் பிரஷரும் சர்க்கரையும் எப்போதோ பார்த்திருப்பாள், அவை சரியாக இருந்திருக்கும்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். "விஷம் குடிச்சாத்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் போறாங்க. அடிச்சு மயங்கினா மரத்தடியில படுத்து எழுந்து வந்துடுறாங்க, எங்களுக்கே தெரியாது" என்றாள். அவள் மேல் குறையே சொல்ல முடியாது. கேள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த ஊர்கள் திருச்சி ஜில்லாவில் இருந்த காலத்தில், 1939இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது சுகாதார மந்திரி திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். தண்ணீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு கிராமத்துக் காலராவுக்கு அந்தக் கிராமம் மட்டும் பொறுப்பில்லை, ஜில்லா முழுக்க ஒருவர் கணக்கு வைத்துத் தேடிப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த முறைதான் இன்றைக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராமச் செவிலியர் என்று இறங்கி இந்தப் பெண்ணின் நோட்டு வரைக்கும் வந்திருக்கிறது. ஓர் ஊரில் இரண்டு பேருக்கு டெங்கு என்றால் மறுநாள் தண்ணீர்த் தொட்டியை எல்லாம் கவிழ்க்கிறார்கள். ஓர் ஊரில் இரண்டு பேர் மருந்தடித்து வாந்தி எடுத்தால் அதுவும் அந்தக் கணக்கில் வரத்தானே வேண்டும்? விவசாயத் துறை மருந்துக் கடையைப் பார்க்கிறது, ஆஸ்பத்திரி விழுந்தவரைப் பார்க்கிறது. நடுவில் நடக்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஊருக்கு மருந்தடிக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், அந்தத் தன்னார்வலர் அவர்கள் பெயரை விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். ஆடியில் விதைப்புக்கு முன்னால் அவர்கள் ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் பார்த்துக் குறித்து வைக்கலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால் அவரவர் பழைய அளவு கையில் இருந்தால்தான் இறங்குவது தெரியும். கார்த்திகையில் மறுபடி பார்த்து, இறங்கியவரைக் காட்டிலிருந்து கொஞ்ச நாள் நிறுத்தலாம். அந்த நாளுக்குக் கூலி கொடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். தேய்ந்த வாஷரை மாற்ற என்ன செலவாகிவிடும்? பெரம்பலூர்க்காரி அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டாள். சட்டையைத் தனியாக அலசச் சொல்லி அவர் மனைவியிடமும் பேசியிருக்கிறாள்.

எனக்காக ஒன்று செய். நம் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் அடிக்கிறவர்கள் உன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் எந்தப் பதிவேட்டில், என்னவென்று எழுதுகிறீர்கள் என்று பார்த்துச் சொல். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்தான அட்ரோபின் எத்தனை ஆம்பூல் இருப்பு இருக்கிறது, காலாவதி எப்போது என்பதையும் பார்த்து வை. நம் வீட்டு வாழைக்கு மருந்தடிக்கிற அண்ணாச்சி நான் வரும்வரை டேங்கைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. அவருக்கும் தலைவலி என்று சித்திரையில் ஒரு நாள் சொன்னார்.

அன்புடன்,
உன் தோழி