ஆரார் பாப்பினம்?

நுண்கடன் எடுத்த பெண்களிடம் கேட்டு எழுதியதையெல்லாம் ஒரு டாஷ்போர்டில் போட்டிருந்தோம். லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம். "பிள்ளையள், இதை ஆரார் பாப்பினம்?" என்று ஒரு அம்மா கேட்டா. "நாங்கள் மட்டும்தான் அம்மா" என்றோம். அது பொய் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

கலைப்பீடத்துக்காரர் நாங்கள்; கோடிங் எல்லாம் யூடியூப் புண்ணியம். பக்கத்துக்கு முன்னால் ஒரு பாஸ்வேர்ட் பெட்டி வைத்துவிட்டுப் பெருமையாக இருந்தோம். எங்களில் ஒருத்தி 'வியூ சோர்ஸ்' அழுத்தினாள். பெயர், ஊர், கடன்தொகை எல்லாம் அப்படியே கிடந்தது. பாஸ்வேர்டும்தான்!

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது பிரவுசரில் இல்லை, சேர்வரில் நடக்கவேண்டும். லொகின் ஆனவருக்கு மட்டுமே சேர்வர் தரவை அனுப்பவேண்டும். இதை விளங்கித் திருத்த இரண்டு கிழமை. பாஸ்வேர்டுகளை பீகிரிப்ட் போட்டு ஹாஷாக வைத்தோம். 1999இல் வந்தது, வேண்டுமென்றே மெதுவாக ஓடும்; களவெடுத்தவன் ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கக் களைத்துப்போவான். ஆளுக்கொரு கணக்கு என்றதுக்குத்தான் சண்டை. வட்ஸ்அப் குழுவில் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுப் பழகிய ஆக்கள் நாங்கள்.

திரும்பப் போய் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னோம்.

"அப்ப, இவ்வளவு நாளும்?"

பதில் இல்லை. தன்ர பேரை எடுக்கச் சொன்னா. எடுத்தோம், பழைய பக்அப்களிலயும் தேடி.