கயிற்றின் எல்லை

ஒரு பாஷையின் மரபுச் சொற்றொடர்கள், அதனை வழங்கும் மக்களின் தொழிலினின்றும் பிறப்பன. ஆங்கிலத்தில் 'அட் தி எண்டு ஆஃப் ஒன்ஸ் டெதர்' என்று ஒரு வழக்குண்டு. 'டெதர்' என்பது மேயும் கால்நடையை முளையிற் பிணிக்குங் கயிறு. ஆகவே, 'தன் கயிற்றின் எல்லையில் நிற்றல்' என்பதே அதன் நேர்ப்பொருளாம். அமெரிக்கர் 'டெதர்' என்பதற்கு 'ரோப்' என்று வழங்குவர்.

சேலம் நாமக்கல் சமவெளியிற் பிறந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. கடலைக்கொடி பிடுங்கிய காட்டில் முளையடித்துக் கட்டிய எருமையைக் கண்டிருக்கிறோம். கயிறு எட்டுமட்டும் உள்ள புல்லை அது வட்டமாக மேய்ந்துவிடும். பின்னர்க் கயிறு விறைக்க நின்று, அப்பாலுள்ள பச்சையை நோக்கிக் கழுத்தை நீட்டும். அந்நிலையை அடைந்த மனிதனையே இத்தொடர் குறிக்கின்றது.

மாணவர் சிலர் இதற்குக் 'கடுங்கோபம்' என்று பொருளெழுதுவர். அது பொருந்தாது. கோபமுள்ளவனிடத்தே இன்னும் பலம் மிஞ்சியிருக்கின்றது. கயிற்றின் எல்லையில் நிற்பவனுக்கோ பொறுமையும், பொருளும், உபாயமும் ஒருங்கே தீர்ந்தன. மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியுமென்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் கூறினார். லாரித் தொழிலாற் பேர்பெற்ற நாமக்கல்லில் அதனை அறியாதார் யார்? ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசித் துரும்பு என்று ஆங்கிலேயரும் கூறுவர். அவ்விரண்டும் பாரம் மிகுதலைச் சொல்லுவன. கயிறோ இடம் அற்றுப்போதலைச் சொல்லுவது.

நம் பெரிய தகப்பனாருக்கு மூன்று ஏக்கர் மேட்டாங்காடு உண்டு. கிணறு வற்றியபின், கடன் வாங்கி இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் போட்டார். இரண்டிலும் புழுதியே பறந்தது. மூன்றாவதற்கு நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தபொழுது, "இனி நம்மால ஆகாதுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. அவர் குரலுயர்த்தாமை கண்டு, "என்ன பொறுமை!" என்று ஊரார் மெச்சினர். பெரிய தாயார் ஒருவரே அஞ்சினார். விடியுமுன் தம் தமையனாருக்கு ஆளனுப்பினார்.

வந்தவர் பொறுமையைப் பற்றி ஒன்றும் உபதேசிக்கவில்லை. "மாப்பிள்ளை, தண்ணி வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நம்ம காட்டுல ரெண்டு ஏக்கராவை நீங்க வாரத்துக்கு ஓட்டுங்க" என்றார், கடன் தவணை இரண்டையும் தாமே கட்டினார். பெரிய தகப்பனார் அங்கே குச்சிக்கிழங்கு வைத்தார். இரண்டாம் வெள்ளாமையில் மைத்துனரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் முற்றுந் தீரவில்லையாயினும், இன்று வீட்டில் எல்லோருடனும் அமர்ந்து உண்கிறார்.

கயிறு விறைக்க நிற்கும் எருமையைக் குடியானவன் அடிப்பதில்லை. முளையைப் பிடுங்கிப் புல்லுள்ள இடத்தில் அடிக்கிறான். ஆகவே, நண்பர்காள், இத்தொடரைத் தேர்வுத்தாளிற் காணும்பொழுது அதன் பொருளைப் பிழையற எழுதுவோமாக. உடன்பயில்வோர் ஒருவர் வாயிலாக, எத்துணை மெல்லிய குரலிலாயினும், அதனைக் கேட்கும்பொழுது முளையை மாற்றியடிக்க விரைவோமாக.