காலும் ஊசியும் சீப்பும்

ஆங்கிலத்தில் ஒருவருடைய 'லெக்'கைப் 'புல்' செய்வது என்றால், பொய்யை மெய்போலச் சொல்லி அவரைச் சற்று நேரம் நம்பவைத்து, பின் சிரிப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காலை இழுப்பது. நம் வழக்கிலோ காலை வாருவது துரோகம். நம்பி நின்றவனைக் கீழே தள்ளுவது. அங்கே விளையாட்டாக இருப்பது இங்கே வீழ்ச்சியாகிறது. தூக்கிலிடப்பட்டவரின் வேதனையைச் சுருக்க உறவினர்கள் அவர் காலைப் பிடித்து இழுத்ததிலிருந்து இத்தொடர் பிறந்தது என ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று ஏதுமில்லை. தூக்குமேடைகள் மலிந்திருந்த காலத்தில் அன்று, 19-ஆம் நூற்றாண்டில்தான் இத்தொடர் இப்பொருளில் வழங்கத் தொடங்கியது.

2011-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள பங்கு ஒன்றில் மூன்று மாதங்கள் உதவிப் பணியாற்றினேன். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், நம் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் என்னைக் காண வந்தார். முதியோர் இல்லமொன்றில் பணி. கையில் விலகல் கடிதம். "உன்மேல் புகார் வந்திருக்கிறது, உன்னை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள்" என்று உடன் பணிபுரிவோர் சொல்வார்களாம். இவர் முகம் வெளிறியதும், காலைத்தான் இழுத்தோம் என்று சிரிப்பார்களாம். அத்தொடரில் துரோகம் என்ற பொருள் இல்லை என்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது புரியுது சாமி. ஆனா தினமும் என் காலையே ஏன் இழுக்கிறாங்க?"

குருத்துவக் கல்லூரியில் ஏழாண்டு வினாக்களுக்கு விடை எழுதியவன் நான். இது அவற்றில் பலவற்றைவிடக் கடினமானது.

அவ்வினாவை மனத்தில் கொண்டு பார்த்தால், சீண்டலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் இரு கூறாகப் பிரிகின்றன. காலை இழுத்தேன், 'கிட்' செய்தேன் என்பவை பெரும்பாலும் சீண்டியவர் தம் செயலுக்கு இட்டுக்கொள்ளும் பெயர்கள். ஊசியால் குத்துகிறான், தோலுக்கடியில் புகுகிறான், பூனையை மயிர்வாக்குக்கு எதிராகத் தடவுவதுபோல் என்னைத் தடவுகிறான் என்பவை சீண்டப்பட்டவரின் மொழி. உடலில் தைத்த முள் என்று ஆங்கிலேயர் தொல்லையைச் சுட்டுவதும் இவ்வகையே. அது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலிருந்து அவர்கள் மொழிக்குள் சென்றது. அங்கும் முள் தைத்தவரே பேசுகிறார். "உன்னை ஊசியால் குத்தினேன், அவ்வளவுதான்" என்று சொல்லி எவரும் சிரித்துத் தப்ப முடியாது.

'டீஸ்' என்ற பொதுச்சொல் மட்டும் இரு பக்கமும் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் கம்பளி மயிரைப் பிரித்துச் சிக்கெடுப்பது. நெய்த துணியின் மேல் மயிரை எழுப்ப உதவிய ஒரு முட்செடியின் காய்ந்த தலைக்கும் அவ்வேரிலிருந்தே 'டீசல்' என்று பெயர் (நம்மூர் வண்டிகள் குடிப்பதன்று). கூட்டங்களில் பேச்சாளரை இடைமறித்துக் குடைவதைச் சொல்லும் 'ஹெக்கிள்' என்பதும் நார் சீவும் இரும்புச் சீப்பின் பெயரே. சீவுவதும் சீண்டுவதும் அம்மொழியில் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை.

பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம். 1867-இல் திறக்கப்பட்ட அதன் கம்பளிச் சந்தைக் கட்டடத்தின் வாயிலில் ஆயர் ஒருவரின் சிலை இருக்கிறது. பிப்ரவரி 3-ஆம் நாள் இரு மெழுகுதிரிகளைத் தொண்டையருகே வைத்து நாம் ஆசி பெறுகிறோமே, அந்தப் புனித பிளேசியார்தாம் அவர். நான்காம் நூற்றாண்டில் செபஸ்தே நகரின் ஆயர். கம்பளி சீவும் இரும்புச் சீப்புகளால் அவர் உடலைக் கிழித்தார்கள் என்பது மரபு. அதனாலேயே கம்பளி சீவுவோர் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டனர். அச்சிலைமுன் நான் வெகுநேரம் நின்றேன். ஆட்டுமயிரை ஆடையாக்கும் கருவி அதுவே. ஆயரின் தோலை உரித்ததும் அதுவே.

அன்று அந்தச் செவிலியருக்கு இச்சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். விலகல் கடிதத்தை என் மேசையிலேயே விட்டுச் சென்றார். மறுநாள் தலைமைச் செவிலியரிடம் போய், எவரும் தம் காலை இழுக்கவில்லை, 'நீடில்' செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னாராம். அந்த அம்மையார் எழுந்து அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவரை உட்காரச் சொன்னாராம்.